கொடைத் துணி

பதினாலாம் கேள்விக்கு
மூணு கட்டம் போட்டிருக்கே தம்பி.
கடவுள் நம்பிக்கை: உண்டு, ஓரளவு, இல்லை.
பதினைஞ்சாவது,
சுனாமிக்கு நீங்கள் செய்த உதவிக்கு
அதுதான் காரணமா?

ஊசியில நூல் கோத்துக்கிட்டே சொல்லுதேன், எழுதிக்கோ.
கருங்கல் சந்தை ரோடு,
தங்கபுஷ்பம் லேடீஸ் டெயிலர், இருபத்தெட்டு வருசம்.
எனக்குச் சாமி இல்ல.
அதுக்கொரு சோகக் கதையும் இல்ல.
சின்னதிலேயே தோணல்ல,
சிலருக்குப் பாட்டு வராதுல்லா, அது போல.

குளச்சல் பள்ளிக்கூட முகாமுக்கு
ரெண்டாம் நாள் போனேன்.
வராந்தா முழுக்கப் பழைய உடுப்பு.
கோட்டு கெடந்துது.
யாரோ கல்யாணத்துக்கு உடுத்த ஜரிகை கெடந்துது.
மாறுவேடப் போட்டிக்குத் தச்ச
புலி வேசம்கூட, வாலோட.
பாவாடை மட்டும் ஒண்ணுகூட இல்ல.

பனிமயம்னு ஒருத்தி
ஜார்ஜெட் சேலையை வலைக்கயிறால இடுப்பில கெட்டி
சுவத்தில முதுகை ஒட்டி நின்னா.
சோத்து வரிசை நகருது, அவ நகரல்ல.
பேரு கேட்டேன், சொன்னா.
அவ வேற ஒண்ணும் கேக்கல்ல.

கடை அலமாரியில
அம்மன் கோவில் தை மாசக் கொடைக்குத்
தோரணம் தைக்கக் கமிட்டி தந்த
சிவப்புத் துணி, அறுபது மீட்டர்.
கத்திரி வச்சேன்.
பயம் வந்துது,
அம்மனுக்கு இல்ல,
செயலாளர் செல்லத்தங்கத்துக்கு.
ராத்திரி மெஷின் எண்ணெய் தீந்து தேங்காயெண்ணெய் விட்டேன்.
நாடா தீந்து காடாத் துணியக் கிழிச்சுக் கோத்தேன்.
விடியும்போ இருபத்தொம்பது.

பால் வாங்க வந்த செல்லத்தங்கம்
பாத்துட்டு நின்னு ஏசினான், பால் திரியுற வரைக்கும்.
'அம்மை கேப்பாளே, என்னத்தச் சொல்லுவேன்?'
ஆயிரத்து அறுநூத்தி எண்பது ரூபாய்க்கு
என்கிட்டக் கையெழுத்து வாங்கினான்.
பிறகு மூட்டையைத் தூக்கி ஸ்கூட்டர்ல வச்சு
'கேறு பிள்ளே'ன்னான்.
இரணியல் கிட்டத் திரும்பாமலே சொன்னான்,
'அம்மை கேப்பாளே, என்னத்தச் சொல்லுவேன்?'
அதே வாக்கு. தம்பி, நீயே சொல்லு,
எதுக்கு அவன் அதைச் சொன்னான்?

சிஸ்டர் எவரெஸ்தா
ஜெபம் சொல்லிச் சொல்லிக் கக்கூஸ் கழுவினா.
வாய் நின்னா கை நின்னுபோகும்னா.
அவகிட்டக் கேட்டா 'ஆம்'னு போடுவா,
அது சத்தியமும்கூட.
எந்தச் சபைன்னு கேட்டுக் கேட்டு
அரிசி அளந்தவனும் ஒருத்தன் உண்டு.
அவனும் ஜெபம் சொல்லித்தான் அளந்தான்.
எல்லா மதமும் கைகோத்து நிக்கிற படம்
காலண்டர்ல வரும். நான் பாத்தது
கையில்லாத வேலையும் வேலையில்லாத கையும்.

மறுநாள் நான் போகல்ல.
மணம். துணி முழுக்க, தலைமுடி முழுக்க.
தலைவலின்னு ஷட்டரப் போட்டுக் கெடந்தேன்.
அதுக்கப்புறமும் போகல்ல.
போகாததுக்குக் காரணம் எழுத
உன் தாளில எடம் உண்டா?

பதினாலுக்கு 'இல்லை'ன்னு போடு.
பதினைஞ்ச விட்டுடு.
ஒருத்தி சுவத்தோட ஒட்டி நிக்கா,
என் தொழிலு பாவாடை தைக்கது.
அதை எந்தக் கட்டத்தில அடைப்பே?

ரெண்டு வருசம் கழிஞ்சு பனிமயம்
பிளவுசுத் துணியோட வந்தா.
'அந்தச் சிவப்புப் பாவாடை தச்சவ நீதானா?
சாயம் இளகி
எனக்கிருந்த ஒரே நல்ல சேலை நாசமாப் போச்சு.'
கொடைத் துணி, ஒரு நாளைக்குள்ளதுதான்னேன்.
மொறச்சா. பிறகு சிரிச்சா.
கூலியில இருபது ரூபா குறைக்கச் சொன்னா, குறைச்சேன்.
அளவெடுக்கக் கையைத் தூக்கினா.
நாடாவை மார்பில சுத்தும்போ
கண்ணு இடுப்புக்குப் போச்சு.
கயிறு பதிஞ்ச தடம் ஒண்ணும் இல்ல.
இருந்தாலும் பாத்தேன்.